ரோலர் ஆறும் வரை

ஜனவரி 9

கோபக்காரத் தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நீயும் விட்டுக்கொண்டிருக்கிறாய் என்று லாரிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. லாண்டரி ஃபிட்டர் வேலையைக் கோபத்தில் உதறிவிட்டுப் போய், சோப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டாயாமே. போன மனுஷன் ஒரு வரி போடக்கூடாதா? நான் மூன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள். இந்தக் காகிதத்தை நிரப்புவதற்குள் எனக்கு நாக்கு வெளியே வந்துவிடும். பத்து வரை படித்த நீ அங்கே என்னதான் செய்கிறாய், நாள் முழுக்க முகம் கழுவிக்கொண்டிருக்கிறாயா?

உன் பெண்டாட்டி நன்றாக இருக்கிறாள். பின் அறையில் படுத்துக்கொள்கிறாள். என்னோடு லாண்டரிக்கு வருகிறாள், என்னோடு திரும்புகிறாள். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் "அந்த ஆள்" என்கிறாள். முந்தாநாள் உன் அண்ணன் உன்னுடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தார். மழை தூற ஆரம்பித்தது. "அந்த ஆளோட சட்டை நனையுது, யாராவது எடுங்களேன்" என்று சத்தம் போட்டாள். யாராவது எழுந்திருப்பதற்குள் அவளே ஓடிப்போய் எடுத்து மடித்து வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பார்க்காத மாதிரி இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நீ செய்த காரியம் உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் சொல்லிக்காட்டுவேன், அண்ணி என்று வேறு எதற்கு இருக்கிறேன்? ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்க்கிற அந்தப் பெரிய ரோலரை மணி அடித்ததும் நிறுத்திவிட்டுக் கிளம்ப முடியாது. வயிறு முழுக்க நீராவிச் சூடு. சுற்றாமல் நின்றால் அதை ஒட்டி ஓடும் கம்பளிப் பட்டை கருகிவிடும். ஆறும் வரை சுற்றவேண்டும், சுற்றும் வரை யாராவது பக்கத்தில் நிற்கவேண்டும். அந்த யாராவது நாங்கள்தான். மணி அடித்ததோடு சம்பளம் நின்றுவிடும், நாங்கள் மட்டும் நிற்போம். காலையிலிருந்து நின்ற கால். பஸ் போய்விடும், வீட்டில் அடுப்பு அணைந்து கிடக்கும், பிள்ளைகள் பசித்துத் தூங்கிவிடும். அதற்குத்தானே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்? தொட்டியிலிருந்து பிழியாமல் சொட்டச் சொட்ட எடுத்த விரிப்புகளை ரோலரில் விடுவது. சுர்ரென்று ஒரு புகை கிளம்பும், எதிரில் நிற்பவள் முகமே தெரியாது. கொஞ்ச நேரத்தில் ரோலர் சாதுவாகிவிடும். கைகால் கழுவிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துவிடலாம். என் ஆயுசில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது. அதைப் போய் மானேஜரிடம் சொல்லிவிட்டாய்.

ரோலரைத் திறந்து பார்க்கச் சொல்லத்தான் போனேன் என்றாய். அவன் எதைத் திறந்தான்? வாயைத் திறந்தான். எங்கள் அத்தனை பேரையும் வாசலில் நிற்கவைத்து, போகிறவர் வருகிறவர் பார்க்கத் திட்டினான். மணிக்கட்டைப் பார்க்காமல் அவனுக்குப் பேச்சு வராது, அதனால்தான் கடிகாரம் என்று பெயர் வைத்தோம். அன்றைக்கு அந்தக் கடிகாரம் எங்களைத் திட்டத் திட்ட உன் பெண்டாட்டி உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றப் பெண்களெல்லாம் அவளைப் பார்த்தார்கள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

போகட்டும். மறுபடி ஈர விரிப்பை விட ஆரம்பித்துவிட்டோம். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று நாம் கூப்பிடுகிறவளைக் கதவருகே காவலுக்கு நிறுத்தியிருக்கிறோம். கடிகாரம் வந்தால் அவள் இருமவேண்டும். அவளால் பேசாமல் நிற்க முடியவில்லை, அதனால் சும்மா சும்மா இருமுகிறாள். நேற்று கடிகாரமே இரக்கப்பட்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னான்.

நீ உன் பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுது. தப்பு உன்மேல் இல்லாவிட்டாலும் மன்னிப்புக் கேள். கல்யாணம் ஆனவன்தானே, பழகியிருக்கும்.

உன் அண்ணி


ஜனவரி 17

அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நான் நலம். வேலை பரவாயில்லை. மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் சோப்பு வாசனை, மூடினாலும் சோப்பு வாசனை.

எனக்கு நீட்டி எழுத வராது. விஷயத்துக்கு வருகிறேன். ஈர விரிப்பு விடுவதை நிறுத்துங்கள். நான் அன்று சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்கவைக்கச் சொல்லவில்லை.

எரிந்துகொண்டிருக்கும் விளக்குக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ரோலர் வார்ப்பிரும்பு. அதுவும் அந்த ஜாதிதான், ஆனால் உடனே காட்டாது. ஈரம் பட்டதும் அதன் மேல்பக்கம் சுருங்கப் பார்க்கும். உள்ளே ஆவி இருப்பதால் உள்பக்கம் விரிந்தபடியே நிற்கும். இரண்டும் ஒரே இரும்பு, ஒன்றையொன்று இழுக்கும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. மயிரிழை போல ஒரு கீறல் விடும். மறுநாள் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே அடைத்துவைத்த ஆவி வழி தேடிக்கொண்டே இருக்கும்.

இடது கோடியில் போல்ட் வரிசையோடு ஒரு மூடி இருக்கிறதே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். கிளம்புவதற்கு முன் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். சத்தம் சரியில்லை. வலது பக்கம் மணி போல் கேட்டது, இடது பக்கம் ஓட்டைப் பானை போல் கேட்டது. மானேஜரிடம் அதைத்தான் சொன்னேன். அவர் காதில் ஈர விரிப்பு மட்டும் விழுந்தது.

அவள் நிற்பது இடது கோடியில்.

அவளை இங்கே அனுப்பிவையுங்கள். நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம். நீங்களாகச் சொல்வது போலச் சொல்லுங்கள். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, மற்றபடி அறை நன்றாக இருக்கிறது. சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? எழுதவேண்டாம். எழுதினாலும் சரி.

தம்பி


ஜனவரி 26

வெள்ளையடித்த தம்பிக்கு,

சொல்லவேண்டாம் என்றாய், அதனால் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். உன் ரகசியத்தை என் வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்குமா?

உன் பெண்டாட்டி கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "ஏங்க்கா, உங்களுக்கு எழுதுவாரு, எனக்கு எழுத மாட்டாரா? நான் என்ன ஆட்டுக்குட்டியா, நீங்க ஓட்டிவிட்டா அங்க போய் நிக்கிறதுக்கு?" என்றாள். கவனித்தாயா? "அந்த ஆள்" போய்விட்டது, "எழுதுவாரு" வந்துவிட்டது. நான் தாங்கமுடியாமல், "வெள்ளையெல்லாம் அடிச்சிருக்கானாம்டி" என்றேன். "ஆமா, இங்க இருந்தவரைக்கும் ஒரு ஆணி அடிச்சாரா?" என்றாள். அன்று கீரையில் பாதி குப்பைக்குப் போனது, குப்பை கீரைக்கு வந்தது. எல்லாரும் மண்ணைத் தின்றோம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். அந்த மண் உள்பட.

ரோலர் சங்கதிக்கு வருகிறேன். அதற்கு நாங்கள் மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறோம். காலையில் சூடேறினால் பொழுது சாயும் வரை ஆறமாட்டாள், நாமும் எதிரே நின்று கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இப்போது மாமியார் பாடவும் கற்றுக்கொண்டாள். காலையில் சூடேறும்போது இடது கோடியிலிருந்து உஸ்ஸென்று மெல்லிசாக ஒரு சீட்டி. சூடு முழுக்க ஏறினதும் நின்றுவிடுகிறது. ரேடியோ சொல்கிறாள், "மாமியாருக்கு யாரோ ஜோடி கெடைச்சிருக்கு, விடியக்காலையில சீட்டியடிச்சுக் கூப்புடுறா" என்று.

நீ இருந்தபோது விடிவதற்கு முன்பே வந்து ஆவிக்குழாயைக் கால்வாசி திறந்து, ஒரு பீடி, அப்புறம் அரைவாசி, இன்னொரு பீடி, நாங்கள் வரும்போது முழுசும் என்று வைப்பாய். உனக்குப் பதில் ஆள் போடவில்லை. கடிகாரம் தன் கையாலேயே திறக்கிறான். நாங்கள் உடை மாற்றிக்கொண்டு வரும்போதுதான் வந்து ஒரே திருகு. உள்ளே டமார் டமாரென்று யாரோ உதைக்கிற மாதிரி சத்தம் வரும், அப்புறம் சீட்டி, அப்புறம் அடங்கும். "பாத்தீங்களா, அவன் ஒரு மணி நேரம் பீடி குடிச்ச வேலைய நான் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டேன்" என்று எங்களிடம் பெருமை வேறு.

ஒரு நாள் தூக்கம் கெட்டு நீ எழுதினதையே நினைத்தேன். காலையில் வெயிலைப் பார்த்ததும் போய்விட்டது. நீ சின்ன வயசிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து படுப்பவன்.

அவளுக்கு எழுது. எனக்கு எழுதுவதை அவளுக்கு எழுது.

அண்ணி


பிப்ரவரி 2

அண்ணிக்கு,

சீட்டி சத்தத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

சூடேறினதும் நின்றுவிடுகிறது என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இரும்பு விரிந்து கீறலின் வாய் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். அது இருக்கிறது. குளிர்ந்து கிடக்கும் ரோலருக்குள் ஒரேயடியாக ஆவியை விடுவது நீங்கள் சாயங்காலம் செய்வதன் மறுபக்கம். காலையில் அவர் உள்ளிருந்து அறைகிறார், சாயங்காலம் நீங்கள் வெளியிலிருந்து அறைகிறீர்கள். நடுவில் அந்த மூடி.

ஒன்று செய்யுங்கள். விடுமுறை நாளில், ரோலர் முழுக்க ஆறிக் கிடக்கும்போது, இடது மூடியை நன்றாகத் துடையுங்கள். போல்ட்டுகளைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவுங்கள். கொஞ்ச நேரம் கழித்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்துப் பூசுங்கள். கீறல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வெளியே வரும். வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரியும். இல்லாவிட்டால் ஒன்றும் வராது. நான் பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரிக்கிறேன்.

கம்பெனி மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். வேலையை விட்டுப் போனவன் எழுதினால் கோபத்தில் எழுதுகிறான் என்றுதான் நினைப்பார்கள். ஆனாலும் போட்டேன்.

இதோடு ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அது அவளுக்கு. நீங்கள் பிரிக்கவேண்டாம். உங்களைத் தெரியும், அதனால்தான் ஓரத்தை ஒட்டியிருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

ஒட்டின ஓரத்தை நான் பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், நாலாக மடித்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அவள் அதை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தமே இல்லை. உன் அண்ணன் வெளியே நின்று, "யாரும்மா உள்ள, நான் வேலைக்குப் போகணும்" என்று கத்துகிறார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கண்ணுல சோப்பு பட்டுருச்சு" என்றாள். சோப்புத் தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதமாயிற்றே என்றேன். அடிக்க வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடி செய்தோம். விரிப்பு எண்ண வேண்டியிருக்கிறது என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு நான், அவள், ரேடியோ மூன்று பேரும் போனோம். மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசிவிட்டு உட்கார்ந்தோம். ரேடியோ ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். உன் பெண்டாட்டிதான் முதலில் பார்த்தாள். "அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒரு போல்ட்டிலிருந்து இன்னொரு போல்ட்டுக்கு ஒரு சாண் நீளம். கரும்பச்சையாக, ஈரமாக, வெள்ளையில் மெல்ல ஊறி வந்தது. அங்கிருந்து இரண்டு கிளை. உள்ளங்கை ரேகை மாதிரி இருந்தது. ரேடியோ பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததில்லை, தம்பி.

மறுநாள் கடிகாரத்தைக் கூட்டிவந்து காட்டினோம். குனிந்து பார்த்தான். மணிக்கட்டைப் பார்த்தான்.

"இது உங்க ஈர விரிப்பு பண்ண வேலை" என்றான்.

"ஆமாங்கய்யா, நாங்க பண்ணதுதான், காலையில நீங்க திருகுறீங்களே அதுவும்தான். நிறுத்துங்க, ஆள வச்சுப் பாருங்க" என்றேன்.

"நிறுத்தினா ஆஸ்பத்திரிக்கு யாரு பதில் சொல்றது? நீ சொல்றியா?"

"நான் சொல்றேன். நம்பர் குடுங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வெல்டிங் ஆளை வரவழைத்து ஒரே நாளில் சரிசெய்கிறேன், அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாம், வெளியே வேலை கேட்டு ஆள் நிற்கிறது என்றான்.

அன்றிலிருந்து பிழியாத விரிப்பு விடுவதில்லை. ஆறும் வரை நிற்கிறோம். பஸ் போனபின் நடக்கிறோம்.

நல்ல சேதியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அவள் வருகிறாள். இந்த மாசக் கடைசியில். நேற்று தலை வாரிக்கொண்டே, "அக்கா, அந்த ஊர்ல தண்ணி எப்படியாம்? தலைக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டாள். சுவரைப் பார்த்துக் கேட்டாள், ஆனால் கேட்டாள்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

தண்ணீர் நல்ல தண்ணீர். அவளிடம் சொல்லுங்கள். தலைக்கு ஒத்துக்கொள்ளும்.

மாசக் கடைசி வேண்டாம். இது கையில் கிடைத்ததுமே அவளை வேலைக்குப் போகாமல் நிறுத்துங்கள். வெல்டிங் போட்டிருந்தால் ரோலர் முன்னைவிட மோசமாக இருக்கிறது. வார்ப்பிரும்பில் ஓர் இடத்தை மட்டும் கொதிக்கவைத்து அப்படியே விட்டால், சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு அதை இழுத்து, ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கீறல் விடும். முழு மூடியையும் கழற்றி, மெல்லச் சூடேற்றி, ஒட்டி, சாம்பலில் புதைத்து நாள்கணக்கில் ஆறவைத்தால்கூட நான் அதை நம்பமாட்டேன். மாற்றத்தான் வேண்டும். அவர் ஒரே நாளில் செய்கிறேன் என்றிருக்கிறார்.

நீங்களும் போகாதீர்கள். போயே தீரவேண்டும் என்றால் காலையில் சூடேறும்போது யாரும் பக்கத்தில் நிற்காதீர்கள். மூடிக்கு நேராக நிற்கவே நிற்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு அன்றே திரும்புகிறேன். சொல்லிக்கொள்ள வேண்டியவர்களிடம் முன்பே சொல்லிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் கோபமாக இல்லை என்றும் சொல்லுங்கள். கோபமாக இருந்தேன். இப்போது இல்லை.

தம்பி


பிப்ரவரி 19

மாப்பிள்ளைக்கோலத் தம்பிக்கு,

அவசரம். தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

மூட்டை கட்டியாயிற்று. இரண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு அம்மிக்குழவி. அம்மி இல்லாமல் குழவி எதற்கடி என்றேன், "உங்க தம்பி மண்டைக்கு" என்றாள். தைரியமிருந்தால் வா.

நாளையோடு வேலையை விடுகிறாள். இன்றைக்கே வீட்டில் இரு என்று நானும் சொன்னேன். விரிப்புக்கு நாலு கை வேண்டுமே, அவள் வராவிட்டால் புதிதாக வந்தவளை என்னோடு போடுவார்கள். அவள் விரிப்பை வெடுக்கென்று இழுக்கிறவள், போன வாரம் இன்னொருத்தியின் விரலை ரோலர்வரை கொண்டுபோய்விட்டாள். "சனிக்கிழமை சுமை ஜாஸ்திக்கா, அவகிட்ட உங்கள விட்டுட்டு நான் வீட்ல உக்காரவா? ஒரு நாள்தானே" என்கிறாள். இடம் மாற்றி நான் இடது கோடியில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வெல்டிங் போட்டதிலிருந்து சீட்டி இல்லை. பயப்படாதே.

ஞாயிறு பார்ப்போம்.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

திரும்பி வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் கிளம்பியது தப்புதான். உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை விட்டு இறங்கும்போது அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஊருக்கு ஏதோ வாங்க நீங்கள் இரண்டு பேரும் கடைக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் வரும் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரும் ஐந்தாம் தேதி. பெண்கள் பிழியாத விரிப்பை விட்டதால்தான் ரோலர் வெடித்தது என்று கம்பெனி சொல்கிறது. முன்பே ஃபிட்டர் வந்து அதைத்தான் சொன்னார், கேட்டுப்பாருங்கள் என்று மானேஜர் என்னையே சாட்சியாகக் காட்டியிருக்கிறார்.

போனால் உண்மையைச் சொல்லவேண்டும். அதில் உங்கள் விரிப்பும் வரும். உங்கள் தலையில்தான் விழும். மாற்றிச் சொல்ல எனக்கு வராது. போகாமல் இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

உங்கள் கண்டுபிடிப்புதான் அவளைக் கொன்றது என்று ஒரு நாள் நினைக்கிறேன். எழுந்து சுவரை அறைகிறேன். மறுநாள், நான் ரோஷப்பட்டுக் கிளம்பாமல் அங்கேயே இருந்திருந்தால் காலையில் குழாயை நான்தானே மெல்லத் திறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அறைய எதுவும் அகப்படுவதில்லை.

இடம் மாற்றி நிற்பதாக எழுதியிருந்தீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். அன்று காலையில் அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். உங்களுக்குத்தான் தெரியும்.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் படித்துக் காட்டினார். எனக்கு இடது கண்ணில் இன்னும் கட்டு. இதையும் ஒற்றைக் கண்ணால்தான் எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள்.

இடம் மாற்றித்தான் நின்றேன். காலையில் வந்ததும் நான் இடது கோடிக்குப் போனேன், அவள் வலது பக்கம். வெல்டிங் போட்ட நாளில் வேலை நின்றதால் விரிப்பு மலைபோலக் குவிந்து கிடந்தது. கடிகாரம் முன்னாலேயே வந்திருந்தான். முழுசும் ஒரே திருகு. உள்ளே உதைத்தது. சூடேறும் வரை தள்ளி நிற்கச் சொன்னாய். தள்ளி நின்றோம். "என்ன வேடிக்கை, முதல் விரிப்பைப் போடுங்க" என்றான். முதல் விரிப்பின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறு முனையை அவள். அது மடிப்பு விழுந்து வந்தது, நுனியில் மருந்துக் கறை. இதை மறுபடி துவைக்கவேண்டும், வேறு எடு என்று பார்த்தால் என் பக்கத்துத் தள்ளுவண்டி காலியாக இருந்தது. நிறைந்த வண்டி கதவருகே. நான் அதை இழுத்துவரப் போனேன். விரிப்பு தரையில் விழுந்தால் கடிகாரம் கத்துவானே என்று அவள் என் முனையையும் வந்து வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு இடது கோடியில் நின்றாள்.

வண்டியின் சக்கரம் சிக்கிக்கொண்டது. உதைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம்கூட எனக்கு நினைவில்லை, வெள்ளையாக இருந்தது நினைவிருக்கிறது. ரேடியோ என் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். அவள் முதுகு வெந்துவிட்டது, குப்புறப் படுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நாங்கள் தேய்த்துக் கொடுத்த விரிப்பில்தான் படுத்திருக்கிறாள். அதைச் சொல்லி அவளே சிரிக்கிறாள், சிரித்தால் வலிக்கிறது என்று நிறுத்துகிறாள்.

உன் பெண்டாட்டியைப் பற்றி நான் விவரம் எழுதமாட்டேன். நீ கேட்காதே. உடனே முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதை நான் நம்பிக்கொண்டிருக்கிறேன், நீயும் நம்பு.

விசாரணைக்கு வா. வராமல் இருந்தால் உன்னைப் பிடித்து வர நானே அந்தச் செங்குத்துப் படியில் ஏறுவேன். வந்து எல்லாவற்றையும் சொல். பாதி சொல்லாதே. பிழியாத விரிப்பை முதலில் விட்டது யார் என்று கேட்டால் என்னைக் காட்டு. என் முகத்தைப் பார்த்துத் தயங்காதே, விரலை நீட்டிக் காட்டு. ஆறும் வரை கூலியில்லாமல் எங்களை நிற்கவைத்தது யார் என்றும் சொல். காலைத் திருகலைச் சொல். ஓட்டைப் பானை சத்தத்தைச் சொல். சாக்பீஸில் கோடு ஊறினதை நான் சொல்கிறேன், ரேடியோ ஸ்ட்ரெச்சரில் வந்தாவது சொல்வாள். அந்த வாரம் முழுக்க ஒரு சொட்டு ஈரம் அதன்மேல் படவில்லை என்று அத்தனை பெண்களும் சொல்வார்கள். என்மேல் என்ன விழுகிறதோ விழட்டும். அது என்னுடையது. ஆனால் அவனுடையதையும் சேர்த்து என் தலையில் வைக்க விடமாட்டேன்.

உன்மேல் எதுவும் இல்லை, தம்பி. நீ சொன்னாய். நாங்கள் சிரித்தோம்.

இன்றைக்கே வீட்டில் இரு என்று அவளிடம் சொன்னேன் என்று எழுதியிருந்தேன். சொன்னேன்தான். பலமாகச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் இல்லாமல் ஒரு நாள் நிற்க எனக்கே மனசில்லை.

அன்று காலையில் உன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கிறாய். இதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நாலு வரி அழகாகச் சேர்த்து எழுதிவிடலாம். எனக்கு அது கஷ்டமே இல்லை. நீயும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாய். ஆனால் இதில் மட்டும் நான் கை வைக்கமாட்டேன். உன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்ததைச் சொன்னாள். புதிதாக வந்தவளின் கொண்டையைக் கிண்டல் செய்தாள். அப்புறம் விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, நான் வண்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அதுதான் கடைசி.

"சீக்கிரம் வாங்கக்கா. ஒருத்தியே எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

அண்ணி